படகு போகாத நாளின் சாப்பாடு

ஐப்பசி, கார்த்திகையில் கடலோர ஊருக்கு மீன் சாப்பிடக் கிளம்புகிறவர்களுக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது என் சித்தப்பாவின் தீர்ப்பு. அவர் வடசென்னையில், மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். செவுளைத் தூக்கிப் பார்க்காமலே, கண்ணைப் பார்த்து, மீன் ஐஸில் எவ்வளவு நேரம் கிடந்தது என்று சொல்லிவிடுவார். மீன் விஷயத்தில் எங்கள் வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவருடைய வாதமும் சுலபமாகத் தள்ளிவிடக்கூடியது இல்லை. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வங்கக் கடல் கொந்தளிக்கும், வானிலை மையம் எச்சரிக்கை விடும், ஃபைபர் படகுகளை மேட்டுக்கு இழுத்துப் போட்டுவிடுவார்கள், விசைப்படகுகள் துறைமுகத்தை விட்டு நகராது. அப்படிப்பட்ட நாளில் கடற்கரைக் கடையில் தட்டில் வந்து விழுகிற வஞ்சிரம் எந்தக் கடலில் என்றைக்குப் பிடித்தது? மேற்குக் கரையிலிருந்து லாரி ஏறி வந்ததாகக்கூட இருக்கலாம். "அந்த ஐஸ் மீனைத் திங்கறதுக்கு மழையில நனைஞ்சிக்கினு அவ்ளோ தூரம் போவணுமா? தை பொறக்கட்டும், போ" என்பார்.

அதை என்னால் முழுதாக ஏற்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது வேறொரு கேள்வி. படகு போகாத அந்த வாரங்களில் குப்பத்து ஜனங்கள் பட்டினியா கிடக்கிறார்கள்? அவர்கள் வீட்டு அடுப்பிலும் ஏதோ ஒன்று கொதிக்கத்தானே செய்கிறது? அது என்ன? கடலோர உணவு என்று நாம் சொல்வது அவர்கள் சாப்பிடுவதையா, நாம் போய்க் கேட்பதையா? இந்தக் கேள்விக்கு சென்னையில் உட்கார்ந்துகொண்டு பதில் கிடைக்காது என்று தோன்றியதால்தான், அலுவலகத் தோழி "எங்க ஆயா வீட்டுக்கு வாங்கக்கா, பழவேற்காட்டுல மழையைப் பாக்கலாம்" என்று கூப்பிட்டபோது, ஐப்பசி கடைசியில் ஒரு சனி, ஞாயிறைப் பார்த்துக் கிளம்பினேன். தூறலோடு கும்மிடிப்பூண்டி ரயில். பொன்னேரியில் இறங்கிப் பேருந்து. இரண்டு பக்கமும் வயல்கள் தளும்பிக் கிடந்தன, வரப்பு எது வாய்க்கால் எது என்று தெரியவில்லை. பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மடியில் ஒரு காலி அலுமினிய அன்னக்கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தார். இன்று சரக்கு இருக்குமா என்று கேட்டேன். "கடல் மீன் இருக்காது. ஏரிதான்" என்றார்.

சித்தப்பா சொல்லாத பாதி அந்த ஒற்றைச் சொல்லில் இருந்தது. அவர் கணக்கில் கடல் மட்டும்தான் உண்டு.

மார்க்கெட்டில் வஞ்சிரமும் இருக்கத்தான் செய்தது. தெர்மாகோல் பெட்டியில், ஐஸுக்கு அடியில், கண் வெளுத்துப்போய். சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் அதைத்தான் விலை பேசிக்கொண்டிருந்தது. காசிமேட்டிலிருந்து இங்கே வந்த மீனை அவர்கள் இங்கிருந்து மறுபடி சென்னைக்குக் கொண்டுபோவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மீன் சாப்பாடு என்றாலே வஞ்சிரம், வவ்வால், இறால் என்று மூன்றே பெயர்களை ஹோட்டல் பலகைகள் நமக்கு மனப்பாடம் செய்து வைத்திருக்கின்றன. ஆனால் அந்தப் பணத்தில் அந்தக் கரைக்குப் போய்ச் சேர்வது ரொம்பச் சொற்பம். லாரிக்கும் ஐஸுக்கும் இடையில் கை மாறிய வியாபாரிகளுக்கும் போனது போக மிச்சம் என்ன இருக்கும்? அந்தப் பெட்டிக்கு நாலு அடி தள்ளி, ஈரத் தார்ப்பாயில், கூறு கட்டி வைத்திருந்த மடவையும் கெளுத்தியும் இன்னும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

ஏரிக்குள் மழை

பழவேற்காடு ஏரி, சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தென்கோடி மட்டும் நம் பக்கம். சுற்றுலாவாக வருகிறவர்கள் பூநாரைகளைத் தேடுவார்கள். மழையில் வந்தால் ஏமாற்றம்தான், ஏனென்றால் அவற்றுக்கு நின்று மேயும் அளவுக்குத் தண்ணீர் வற்ற வேண்டும், அதற்குத் தை, மாசி ஆகும். படகுச் சவாரியும் கேட்பார்கள். 2011-ஆம் வருடக் கிறிஸ்துமஸ் நாளில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோன தண்ணீர் இது. அதற்குப் பிறகு சவாரிக்குத் தடை போட்டார்கள். யாராவது ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று சொன்னாலும், மழை நாளில் தயவுசெய்து ஏறாதீர்கள்.

ஏரியை ஒரு சாப்பாட்டுக்காரியின் கண்ணோடு பார்த்தால் மழைதான் அதன் பெரிய நிகழ்ச்சி. கோடையில் முகத்துவாரத்தில் மணல் மேவிக் கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் வழி குறுகிவிடும், சில வருடங்களில் அடைந்தே போய்விடும். உள்ளே தண்ணீர் வற்றி உப்பு ஏறும். ஐப்பசியில் ஆரணி ஆறு வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டியதும் எல்லாம் தலைகீழாகும். தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறும், உப்பு கரையும், வெள்ளம் மணலை முட்டித் தள்ளிக்கொண்டு கடலுக்குள் இறங்கும். வெள்ளை இறால் கடலில் பிறந்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக அலையோடு ஏரிக்குள் வந்து, சில மாதங்கள் இங்கே வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்புகிற உயிர். உப்பு குறையத் தொடங்கியதும் அது வெளியே கிளம்புகிறது. இரவில், ஏரி நீர் கடல் பக்கம் இறங்கும் வற்று நேரத்தில், கூட்டம் கூட்டமாக முகத்துவாரத்தை நோக்கி நகரும். அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே கழி நட்டு வலை கட்டுகிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வேகமாக இருக்கும் என்பதால் அந்த ராத்திரிகள்தான் முக்கியம். கடல் கொந்தளித்துக் கிடக்கிற அதே வாரங்களில் ஏரி தன் இறாலை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் மீன் இல்லை என்ற வாதம் இந்த ஊரில் நிற்காமல் போவது இங்கேதான்.

அந்த வலை யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் கட்டிவிடக்கூடியது இல்லை. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் நிறைய ஓடும் இடங்கள் கொஞ்சம்தான். அவற்றைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். இன்று ஒரு குழுவுக்கு நல்ல இடம் கிடைத்தால் நாளை அது வேறு குழுவுக்குப் போகும். பாடு என்று இதைச் சொல்கிறார்கள், தலைமுறை தலைமுறையாக நடப்பது. இதில் முறை இல்லாதவர்களும் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் அந்த ஏற்பாட்டைத் தேவைக்கு மேல் புகழ்ந்ததாகிவிடும். இருளர் பெண்களும் ஆண்களும் வலையே இல்லாமல், பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் எடுப்பவர்கள். இடுப்பளவுத் தண்ணீரில் செய்கிற வேலை அது. மழையில் தண்ணீர் ஏறினால் அவர்கள் பாடு திண்டாட்டம்தான். கழுத்து வரைக்கும் நின்றுகொண்டு எதைத் தடவுவது? ஒரே மழை ஒரு வலைக்கு இறாலைக் கொடுக்கிறது, ஒரு பறியைக் காலியாக விடுகிறது.

நண்டின் கதை வேறு. ஏரியின் களி நண்டு, கனத்த கொடுக்கோடு, உயிரோடு கட்டுப்போட்டுக் கூடைகளில் அடுக்கப்பட்டிருந்தது. நல்ல எடை உள்ளவை கம்பெனிக்குப் போய்விடும், அங்கிருந்து விமானம் ஏறி சிங்கப்பூர் வரைக்கும். கொடுக்கு உடைந்தது, கால் போனது, ஓடு இளகியது ஆகியவைதான் ஊர்க்காரர்கள் வாங்குவதற்கு மிஞ்சும். தோழி ஒவ்வொன்றையும் புரட்டி அடிவயிற்று ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து எடுத்தாள். அமுங்கினால் சட்டை கழற்றி ரொம்ப நாள் ஆகவில்லை, உள்ளே தண்ணீர்தான் இருக்கும். அமாவாசை நண்டு சதைப்பிடிப்பு, பௌர்ணமி நண்டு வெறும் ஓடு என்று விற்பவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அதை நம்பி வாங்கினாலும் கட்டைவிரலை நம்புவது மேல் என்பது தோழியின் கட்சி. ஒற்றைக் கொடுக்கு நண்டுகளாகப் பார்த்து எடுத்தோம். ருசியில் குறை ஒன்றும் இல்லை.

இரண்டாவது அடுப்பு

ஆயாவின் வீடு சுனாமிக்குப் பிறகு வரிசையாகக் கட்டித் தந்த வீடுகளில் ஒன்று. முன்னறையில் பாதியை மகனின் வலைகள் அடைத்துக்கொண்டிருந்தன. மழைக்கு வெளியே போட முடியாது, எலி கடித்துவிடும் என்று அடிக்கடி புரட்டிப் போட வேண்டும். மகன் அந்த வாரம் முழுக்கக் கடலுக்குப் போகவில்லை. திண்ணையில் உட்கார்ந்து வலைக்கண் பின்னிக்கொண்டிருந்தார். "வாங்கக்கா" என்றதோடு சரி, வானத்தைப் பார்த்தபடியே இருந்தார். ஆயா எங்களைப் பார்த்ததும் தலையைத் துவட்டத் துண்டு கொடுத்துவிட்டுச் சமையலுக்குப் போய்விட்டார். விடிகாலை வலையில் வந்த இறால் வாங்கிவைத்திருந்தார். தலையைக் கிள்ளி, முதுகுக் குடலை உருவி, மஞ்சளும் உப்பும் பிசிறி, சின்ன வெங்காயம் வதங்கிய எண்ணெயில் போட்டு, தண்ணீரே ஊற்றாமல் இறால் விட்ட நீரிலேயே சுண்ட வைத்தார். கடைசியில் இடித்த மிளகு. நண்டைப் புளி கரைத்துக் குழம்பாக்கினார். மழை ஓட்டில் அடிக்கிற சத்தத்தில் தாளிக்கிற சத்தம் கேட்கவில்லை, வாசனை மட்டும் வந்தது.

வாசனை இரண்டாக வந்தது. இறாலுக்கும் மிளகுக்கும் அடியில், அதைவிடப் பழையதாக, காரமும் உப்பும் கலந்த இன்னொன்று. அடுப்பின் இரண்டாவது பர்னரில் மூடி போட்ட ஒரு மண்சட்டி இருந்தது. எங்களுக்கு இலை போட்டு இறாலையும் நண்டையும் வைத்தார்கள். அந்தச் சட்டி வரவில்லை. அதில் என்ன ஆயா என்று கேட்டேன். அவர் முகத்தில் ஒரு கூச்சம் வந்தது, எனக்கு அது இன்னும் மறக்கவில்லை.

"அதுவா கண்ணு? அது எங்களுக்கு வச்சது. வாளக் கருவாடு. ஒங்களுக்குத்தான் எறா வாங்கியாந்தேனே."

எனக்கும் அதுதான் வேண்டும் என்றேன். அவர் தோழியைப் பார்த்தார். மெட்ராஸிலிருந்து வந்தவளுக்குக் கருவாடு போடுவதா என்ற கேள்வி அந்தப் பார்வையில் இருந்தது. தோழி எழுந்து போய் அவளே சட்டியை எடுத்து வந்தாள். கத்திரிக்காயும் மொச்சையும் போட்டு வாளைக் கருவாட்டுக் குழம்பு, எண்ணெய் மேலே பிரிந்து, விளிம்பில் காய்ந்து கறுத்திருந்தது. முந்தின நாள் வைத்ததாம். சுடுசோற்றில் ஊற்றி ஒரு வாய் வைத்ததுமே, இவ்வளவு காலம் நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு இதுதான் பதில் என்று புரிந்தது. இறால் இனிப்பு, நண்டு இனிப்பு, இரண்டும் அந்த ராத்திரி ஏரி கொடுத்தது. இந்தக் குழம்பில் இருந்தது பங்குனி வெயில். அந்த வெயிலில் கீறி, உப்புத் தடவி, கரையில் காய வைத்த வாளை. ஆடியில் இல்லாத வெயில், ஐப்பசியில் சுத்தமாக இல்லாத வெயில். மழைக்காலத்தில் கருவாடு போட முடியாது, புழு வைத்துவிடும். போட்டதைப் பத்திரமாக வைத்திருந்து மழையில் எடுத்துச் சாப்பிட மட்டும்தான் முடியும். படகு போகாத வாரங்கள் வரும் என்று தெரிந்தே, மீன் மலிந்த மாதங்களில் ஒதுக்கி வைக்கிற உணவு இது.

ஆயா அதற்குப் பிறகு கூச்சம் விட்டுப் பேசினார். நெத்திலியும் காரப்பொடி மீனும் உப்பில்லாமலே காயும், கையகலம் இருக்கிற மீனைத்தான் கீற வேண்டும், சுறாவுக்கு உப்பு நிறையப் பிடிக்கும். முன்பு பானையில் அடைத்து வாயைத் துணியால் கட்டுவார்கள், இப்போது பிளாஸ்டிக் டிரம். மழை நடுவில் ஒரு நாள் வெயில் தலை காட்டினாலும் கருவாட்டை வெளியே எடுத்துப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் பூசணம். "மழன்னா எங்களுக்கு இதான் கண்ணு. எறா வந்தா விக்கறதுக்கு. இத்த யாரு வாங்குவா?" என்றார்.

அந்த வார்த்தை என்னைச் சும்மா இருக்க விடவில்லை. பிடித்த இறால் விற்கவும், காய்ந்த மீன் தின்னவும் என்று ஆன பிறகு, தின்கிற பொருளுக்கே ஒரு தாழ்வு வந்துவிடுகிறது. நகரத்தில் வாடகை வீட்டில் கருவாடு வறுத்தால் மாடிக்காரர் வந்து கதவைத் தட்டுவார் என்பதும், அதனாலேயே அந்த வாசனையைச் சின்ன வயதிலிருந்து ஒளித்துப் பழகியவர்கள் எத்தனையோ பேர் என்பதும் இதோடு சேர்ந்த விஷயம்தான். ஊர் திரும்பிய பிறகு சித்தப்பாவிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். "எங்கம்மா மழைக்கு அதைத்தான் வைப்பாங்க. மொச்சைதான் போடுவாங்க, கத்திரிக்கா கெடைக்காது" என்றார். மழைக்காலத்தில் மீன் கிடையாது என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர், அந்த மழைக்காலம் முழுக்க மீன் தின்றுதான் வளர்ந்திருக்கிறார். அதை மீன் என்ற கணக்கில் அவர் சேர்க்கவே இல்லை.

இதை எழுதும்போது, அந்தச் சட்டியை ஒரு பெருமையாக மட்டும் காட்டிவிடக் கூடாது என்றும் நினைக்கிறேன். ஆயாவின் மகனுக்குக் கருவாட்டின் மேல் காதல் ஒன்றும் இல்லை, அவருக்குப் படகு போக வேண்டும். இந்த மாதங்களுக்காக மீன்பிடி குறைவு கால நிவாரணம் என்று அரசு ஒரு குடும்பத்துக்கு 6,000 ரூபாய் தருகிறது. வலை நூல், டீசல் கடன், பிள்ளைகள் படிப்பு என்று எண்ணினால் அது எத்தனை நாளுக்கு வரும்? நிவாரணத்தைவிட அவர்கள் அதிகமாகப் பேசியது முகத்துவாரத்தைப் பற்றித்தான். அது திறந்திருந்தால் இறால் குஞ்சு உள்ளே வரும், மழைக்குப் பிறகு வலை நிறையும். அடைந்தால் அடுத்த மழைக்கு வெளியே போக உள்ளே ஒன்றும் இருக்காது. மழை, கரையில் இருப்பதையெல்லாம் தண்ணீருக்குள் கொண்டுபோகிறது என்பதும் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது வடசென்னைக் கரை மீனை வாங்கவே ஜனங்கள் தயங்கினார்கள். அந்தக் கழிமுகமும் இந்த ஏரியும் பக்கிங்காம் கால்வாயால் இணைந்தவை. மழை நாளில் ஏரி இறாலை ருசித்துத் தின்கிற எங்களைப் போன்றவர்களுக்கு, அந்தத் தண்ணீர் என்ன ஆகிறது என்று கேட்கிற கடமையும் இருக்கிறது. ருசி மட்டும் எங்களுக்கு, கவலை மட்டும் அவர்களுக்கு என்று பிரித்துக்கொள்வது நியாயம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை

காலையில் மழை கொஞ்சம் விட்டது. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரண்டு பக்கமும் நனைந்து கறுத்து நின்றன. 1613-இல் கோட்டை கட்டி, நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரை வியாபாரத்துக்கு இதையே தலைமையிடமாக வைத்திருந்தவர்கள் அவர்கள். துணிக்காக வந்தவர்கள், ஐப்பசியில் என்ன தின்றார்களோ. கல்லில் அதெல்லாம் எழுதியிருக்கவில்லை. பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் என் மனம் மார்க்கெட்டிலேயே இருந்தது.

மடவை வாங்க வேண்டியிருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் பெரிய மடவை சினை பிடித்துக் கடலுக்குக் கிளம்பும் நேரம். வற்றல் காலத்தில் இதே மீனில் ஒரு சேற்று வாடை இருக்கும், அதனாலேயே நகரத்தில் பலர் இதைத் தொடமாட்டார்கள். புது வெள்ளம் வந்து ஏரி அலசப்பட்ட பிறகு அந்த வாடை வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்று ஆயா சொன்னார், சாப்பிட்டுப் பார்த்ததில் எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒரு கூறு மடவை வாங்கிக்கொண்டு, ஆயாவிடம் கேட்டு அரைக் கிலோ வாளைக் கருவாடும் வாங்கினேன். காசு வாங்க மறுத்தார். இறாலுக்கு வாங்குகிற மாதிரி இதற்கும் வாங்க வேண்டும் என்று நான் நின்றதும், தோழி நடுவில் புகுந்து விலை சொன்னாள். கொடுத்தேன். பேருந்து வருகிற வரைக்கும் ஆயா மடவை சமைக்கிற விதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மீனைக் கல்லுப்பும் மஞ்சளும் போட்டு நன்றாக உரசிக் கழுவ வேண்டும். வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புத் தோலைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும், வாடை அங்கேதான் உட்கார்ந்திருக்கும். சினையைக் கீறாமல் முழுசாக எடுத்துத் தனியே வைக்க வேண்டும். பழைய புளியைக் கெட்டியாகக் கரைத்து, பூண்டைத் தட்டிப் போட்டு, குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகுதான் மீனைப் போட வேண்டும். சினையை அதற்கும் பிறகு, அடுப்பைக் குறைத்துவிட்டு, மேலாக வைத்து மூடிவிட வேண்டும். கரண்டி போட்டுக் கிளறினால் சினை உடைந்து குழம்பு கலங்கிவிடும். சட்டியைக் காதைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும்.